கன்று நடுவதற்கு முன் ஓதத்துக்கு வழி விடுங்கள்

தமிழ்நாடு வனத்துறைக்கும் நீர்வளத்துறைக்கும்,

வணக்கம். சென்னைக்கு வடக்கே, ஓதத்தில் கடல்நீர் ஏறி இறங்கும் எண்ணூர்க் கழியோரம் குடியிருப்பவன் எழுதுகிறேன். கழியோரச் சேற்றில் வளரும் அலையாத்தி மரங்களின் நடவு என்றாலே எத்தனை ஆயிரம் கன்று என்ற கணக்குதான் முதலில் வருகிறது. எந்த மண்ணில், எந்த மட்டத்தில் என்ற கேள்வியைக் காணோம்.

அலையாத்தி வகையான வெண்கண்டல் நிற்கும் சேறு தண்ணீர் வடியாத சேறு. மேலாக இருக்கும் மெல்லிய அடுக்குக்குக் கீழே காற்றே கிடையாது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கடல்நீரிலுள்ள சல்பேட்டைக் கொண்டு பிழைப்பதால்தான் சேறு கறுத்து, அழுகிய முட்டை வாடை அடிக்கிறது. இதைச் சாக்கடை நாற்றம் என்று நினைத்து மூக்கைப் பொத்துகிறவர்கள் அதிகாரிகளிலும் உண்டு. மரம் இதற்குத் தகுந்தாற்போல, பென்சில் நட்டது போன்ற மூச்சுவேர்களை மேலே அனுப்புகிறது. ஓதம் வற்றும் நேரத்தில் அந்த வேர்களின் நுண்துளை வழியாகக் காற்று கீழே இறங்குகிறது. பச்சை நண்டும் சின்ன நண்டுகளும் போடும் வளைகளும் சேற்றுக்குள் காற்றையும் நீரையும் கொண்டுபோகின்றன. உதிர்ந்த இலை மட்கி, அதை உண்டு நண்டும் இறாலும் மடவை மீன் குஞ்சும் வளர்கின்றன. சேற்றில் கைவிட்டுத் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கு இதுதான் சோறு.

வடியாத மண் வேறு, தேங்கிய நீர் வேறு. பிச்சாவரத்தில் ஆங்கிலேயர் காலத்திலிருந்து பகுதிபகுதியாக மொத்தமாக மரம் வெட்டியதில், வெயில் பட்ட சேறு காய்ந்து அமுங்கிப் பள்ளமானது. உள்ளே வந்த ஓதநீர் திரும்ப வழியின்றி ஆவியாகி, உப்பேறி, அலையாத்தியே முளைக்காத திட்டாகிவிட்டது. 1990களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன்முள் வடிவத்தில் கால்வாய் வெட்டி ஓதத்தை உள்ளே விட்ட பிறகே கன்று பிடித்தது. உங்கள் துறையே செய்துகாட்டிய வேலைதான் இது.

பிச்சாவரத்தில் மண் தாழ்ந்தது. எங்களிடம் மண் உயர்ந்துவிட்டது. அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலையாற்றிலும் கழியிலும் படிந்து, பழைய வாய்க்கால்களை மேடாக்கியிருக்கிறது. ஓதம் எட்டாத மேட்டில் உமரி என்ற உப்புநிலச் செடி வரலாம், அலையாத்தி வராது. வாய்க்காலோரம் தப்பி நிற்கும் மரங்களுக்கும் நிம்மதியில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் அந்த மூச்சுவேர்களின் மேல்தான் அப்பிக்கொண்டது.

அதனால் கேட்கிறோம். முதலில் ஓத மட்டத்தையும் தரை மட்டத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். சாம்பலை அள்ளி, கழியை விட்டே வெளியேற்றுங்கள். வாய்க்காலைத் திறங்கள். ஓதம் ஒழுங்காக வந்து போனால், தாய்மரம் பக்கத்தில் உள்ள இடங்களில் விதை தானே மிதந்து வந்து ஊன்றும், நாற்றங்கால் செலவும் மிச்சம். அப்புறம் எங்கே வெறுமையாக இருக்கிறதோ அங்கே மட்டும் நடுங்கள்.

தூர்வாரும் ஒப்பந்ததாரருக்கும் ஒன்று சொல்லவேண்டும். சாம்பலுக்கு அடியில் இருக்கும் கறுப்புச் சேற்றைத் தோண்டிக் கரையில் குவித்துக் காயவிடக் கூடாது. அதிலுள்ள இரும்பு சல்பைடு காற்றுப் பட்டால் கந்தக அமிலமாகும். மழையில் அது கழிக்குள் இறங்கினால் மீன் சாகும். எது சாம்பல், எது பழைய சேறு என்று பார்த்து அள்ள ஆள் வேண்டும். பொக்லைனை மட்டும் அனுப்பினால் போதாது.

பழைய வாய்க்கால் எங்கெங்கே ஓடியது என்பது வரைபடத்தைவிடக் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். திட்ட அறிக்கை எழுதுவதற்கு முன், அமாவாசையை ஒட்டி நீர் நன்றாக வற்றும் நேரத்தில் வாருங்கள். படகு ஏற்பாடு செய்கிறோம். தரை மட்டம் எடுக்கும் கருவியையும் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
எண்ணூர்க் கழிக்கரைவாசி