சாலமன் தீவுகளின் எண்ணெய்க் குடும்பங்களுக்கு நன்றி

தேங்காயைத் துருவி, காயவைத்து, பிழிந்து எங்களுக்கு எண்ணெய் அனுப்பும் அன்பர்களுக்கு வணக்கம்.

ஆஸ்திரேலியாவில் சோப்புச் செய்யும் தமிழர்கள் நாங்கள். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்குக் காஸ்டிக் சோடா 183 கிராமுக்குச் சற்றுக் குறைவாகச் சேர்ப்போம். உங்கள் எண்ணெயில் சோப்பு பால்வெள்ளையாக இறுகுகிறது, காறல் வாடை துளியும் இல்லை.

காய் பொறுக்குபவர்களுக்கு முதல் நன்றி. முற்றலை எடுத்து, முளைவிட்டதை ஒதுக்குகிறீர்கள். உள்ளே பூ வைத்த காயில் பருப்பு கரைந்து எண்ணெய் குறைந்துவிடும். லிட்டருக்கு 10 முதல் 12 காய் என்ற கணக்கு நிற்பது இந்தப் பொறுக்கலால்தான்.

அடுப்புத் தகட்டின் முன் நிற்பவர்களுக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறோம். புதுத் துருவலில் பாதி தண்ணீர். கீழே சிரட்டையும் மட்டையும் எரிய, மேலே துருவலை ஓயாமல் புரட்ட வேண்டும். ஈரம் 10–12 சதவீதத்துக்கு இறங்கியதும், சூடு ஆறுமுன் உருளையில் அடைத்துக் கையால் நெம்பிப் பிழிய வேண்டும். ஈரம் மிஞ்சினால் எண்ணெய் கலங்கி, சீக்கிரம் காறிவிடும். மிகவும் காய்ந்தால் எவ்வளவு நெம்பினாலும் சக்கை எண்ணெயை விடாது. ஓரத்தில் ஒரு பிடி கருகினால்கூட மஞ்சள் நிறமும் வறுத்த வாசமும் ஏறிவிடும். துருவலைப் பிடித்துப் பார்த்தே பதம் சொல்கிறீர்கள். நாங்கள் தரும் விலையில் பெரும்பங்கு அந்தக் கைக்குத்தான் சேர வேண்டும். எங்களுக்கு நியாய வணிகம் என்றால் அதுதான்.

காய் உடைத்த ஒரு மணி நேரத்துக்குள் எண்ணெய் எடுக்கும் இந்த முறையை உருவாக்கிய பொருளியலாளர் டான் எதரிங்டனுக்கும் நன்றி. கொப்பரையாக விற்றால் கிடைப்பது மூட்டை விலைதான். புகையில் காய்ந்த கொப்பரையின் எண்ணெயைச் சுத்திகரித்தே ஆக வேண்டும், அதன் லாபமும் தீவைவிட்டுப் போய்விடும். இப்போது பிழிந்த சக்கைகூட ஊர்ப் பன்றிக்கும் கோழிக்கும் தீவனம்.

தலைநகர் ஹோனியாராவில் வடிகட்டிப் பரிசோதிப்பவர்களுக்கும், பீப்பாய்க்குள் உப்புநீர் புகாமல் கொண்டுவந்து சேர்க்கும் கப்பல்காரர்களுக்கும் நன்றி. எண்ணெயில் ஈரம் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அவ்வளவு நுணுக்கமான சரக்கு இது.

ஒரு வேண்டுகோள். கப்பல் நேரத்துக்காக, தெளியாத எண்ணெயை அவசரமாக ஏற்ற வேண்டாம். கசடு அடியில் இறங்கட்டும், நாங்கள் காத்திருக்கிறோம். தாமதத்துக்காக விலையைக் குறைக்கமாட்டோம்.