அஸ்காட்டுக்குத் தொப்பியா, ஃபாசினேட்டரா?

அன்புள்ள மாலதி,

கடிதம் வந்தது. ஜூனில் இங்கிலாந்தின் ராயல் அஸ்காட் குதிரைப் பந்தயத்துக்குப் போகிறாய் என்றதும் சந்தோஷம். கடைக்குக் கிளம்பும் முன் நுழைவுச்சீட்டைப் பார்; எந்தப் பகுதி என்று போட்டிருக்கும். ராயல் என்குளோஷர் என்றால் யோசிக்கவே வேண்டாம். 2012 முதல் அங்கே ஃபாசினேட்டர், அதாவது இறகும் வலையும் வைத்து முடியில் பொருத்தும் சின்ன அலங்காரம், செல்லாது. தொப்பி வேண்டும், இல்லையென்றால், அடிப்பாகம் குறைந்தது 4 அங்குலம், அதாவது 10 செ.மீ. குறுக்களவுள்ள கெட்டியான தலையணி. குயீன் ஆன் என்குளோஷர் என்றால் ஃபாசினேட்டர் போதும். வெறுந்தலையோடு மட்டும் போகக் கூடாது.

கைப்பையில் ஒரு ஸ்கேல் போட்டுக்கொள். இறகும் வலையும் விரிந்து பெரிதாகத் தெரியும். திருப்பிப் பார்த்தால் அடிவட்டம் இரண்டு அங்குலம்கூட இருக்காது. அளக்க வேண்டியது அந்த வட்டத்தைத்தான்.

உன் முடி மெல்லிசு, வழுக்கும். சீப்பு வைத்த ஃபாசினேட்டர் அரைமணி நேரத்தில் காதுக்கு இறங்கிவிடும். முந்தின நாளே தலைக்குக் குளி, எண்ணெய் வேண்டாம். பொருத்தும் இடத்தில் கொஞ்சம் முடியை வேரை நோக்கிப் பின்சீவி ஸ்ப்ரே அடி. இரண்டு ஹேர்பின்னைப் பெருக்கல் குறிபோலக் குத்தி, சீப்பின் பற்களை அவற்றுக்கு அடியில் செருகு. எலாஸ்டிக் வைத்தது இன்னும் உத்தமம்: கறுப்பாகக் கேட்டு வாங்கு, முடிக்குள் தெரியாது. பலர் அதைத் தாடைக்கடியில் மாட்டிக்கொள்கிறார்கள், பிறந்தநாள் தொப்பி மாதிரி! காதுக்குப் பின்னால், கொண்டைக்குக் கீழே பிடரியில் போக வேண்டும். வைப்பது வலப்பக்கம், புருவத்துக்கு மேல் லேசாகச் சாய்த்து.

தொப்பி என்றால் நடுநெற்றியிலிருந்து காதுக்குச் சற்று மேலாகச் சுற்றி அளந்துகொள். தளர்ந்தால் உள்பட்டைக்குள் ஃபோம் துண்டு வைக்கலாம். இறுகினால் வழியில்லை, தலைவலிதான். கோடைத் தொப்பிகள் பெரும்பாலும் 'சினமே' (sinamay) என்ற நார்த்துணியில் செய்தவை. அது பிலிப்பைன்ஸின் அபாக்கா செடியின் நார்; அபாக்கா நம் வாழைக்குப் பங்காளி. கஞ்சிபோல ஏதோ பசை ஏற்றித்தான் விறைப்பாக்குகிறார்கள். மழை பட்டால் விளிம்பு துவண்டுவிடும். ஆகவே குடை கட்டாயம். கழற்றி வைக்கும்போது விளிம்பு தரையில் படாமல் மல்லாத்தி, உச்சி கீழே இருக்கும்படி வை.

நிறத்துக்கும் வடிவத்துக்கும் பயப்படாதே. 2011-இல் வில்லியம்–கேட் அரச கல்யாணத்தில் இளவரசி பீட்ரிஸ் வைத்துப்போன, தொப்பிக் கலைஞர் பிலிப் டிரேசி செய்த தலையணியை ஊரே கேலி செய்தது. பிறகு அது ஈபேயில் 81,000 பவுண்டுக்கு மேல் ஏலம்போய்த் தர்மத்துக்குச் சேர்ந்தது.

பணம் கட்டுமுன் அடிவட்டத்தின் அளவை எனக்கு எழுது.

அன்புடன்,
வசந்தி