‘ஆண்ட்’ வந்தாலே காம்பவுண்டா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்பு ஆங்கிலத்துக்காக, வாக்கியங்களை சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்று மூன்று வகையாகப் பிரிக்க உங்கள் மாணவர் பக்கத்தில் ஒரு அட்டவணை போட்டிருந்தீர்கள். ஆண்ட், பட், ஸோ வந்தால் காம்பவுண்ட். பிகாஸ், இஃப், ஆஃப்டர் வந்தால் காம்ப்ளெக்ஸ். எதுவும் இல்லாவிட்டால் சிம்பிள். எங்கள் பக்கத்து டியூஷன்களிலும் இதைத்தான் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள், கைடிலும் இதே கட்டம்தான், உங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் பத்திரிகையில் வந்துவிட்டால் பிள்ளைகள் அதற்கு மறுபேச்சே இல்லை என்று நினைத்துவிடுவார்கள்.

‘ரவி ஆண்ட் மாலா வென்ட் டு த பீச்.’ ஆண்ட் இருக்கிறது, ஆனாலும் சிம்பிள்தான், அது சேர்ப்பது இரண்டு பெயர்களை மட்டுமே. ‘ஆஃப்டர் த ரெயின், வீ லெஃப்ட்’ சிம்பிள். ‘ஆஃப்டர் த ரெயின் ஸ்டாப்ட், வீ லெஃப்ட்’ காம்ப்ளெக்ஸ். ஸோ இன்னும் மோசம். ‘இட் வாஸ் லேட், ஸோ வீ டுக் அன் ஆட்டோ’ காம்பவுண்ட், ‘இட் வாஸ் ஸோ லேட் தட் வீ டுக் அன் ஆட்டோ’ காம்ப்ளெக்ஸ், அட்டவணையை நம்பின பிள்ளை இரண்டுக்கும் ஒரே விடையைத்தான் எழுதும்.

பார்க்க வேண்டியது வினையை. இது நம் பிள்ளைகளுக்குப் புதிதும் இல்லை, தமிழ் வகுப்பில் முற்று, எச்சம் எல்லாம் படித்துவிட்டுத்தானே வருகிறார்கள்? ‘ஹேவிங் ஃபினிஷ்ட் ஹிஸ் ஹோம்வொர்க், ஹீ வென்ட் அவுட்’ எவ்வளவு நீளமாக இருந்தாலும் சிம்பிள். ஹேவிங் ஃபினிஷ்ட் என்பது நம் ‘முடித்துவிட்டு’ மாதிரி எச்சம், வென்ட் ஒன்றுதான் முற்று. முற்று இரண்டு இருந்து, ஒவ்வொன்றுக்கும் தனி எழுவாயும் இருந்தால், அப்புறம் ஒரே கேள்வி: இரண்டு பகுதியும் தனித்தனியாக நிற்குமா? நின்றால் காம்பவுண்ட், ஒன்று மற்றதைப் பிடித்துத் தொங்கினால் காம்ப்ளெக்ஸ். ‘பிகாஸ் ஹீ வாஸ் இல்’ என்று சொல்லி நிறுத்திப் பாருங்கள், கேட்கிறவர் ‘சரி, அதனால?’ என்பார்.

ஒரு இடத்தில் மட்டும் தமிழ் இலக்கணம் காலை வாரும். ஒரே எழுவாய் பல பயனிலைகளைக் கொண்டு முடிந்தால் நமக்கு அது தொடர் வாக்கியம். ஆங்கிலத்தில் ‘ஷீ கேம் ஹோம் ஆண்ட் ஸ்லெப்ட்’ என்பதை இன்று பெரும்பாலும் சிம்பிள் என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் காம்பவுண்ட் என்று திருத்துகிற வாத்தியார்களும் உண்டு (பாவம், மதிப்பெண் போவது பிள்ளைக்கு). இதை உங்கள் பக்கத்தில் எழுதுகிறவர் தெளிவாக விளக்கினால் நல்லது.

பரீட்சையில் ஒரு வகையை இன்னொரு வகையாக மாற்றத்தான் சொல்கிறார்கள். அதனால் அடுத்த இதழில் அட்டவணையை எடுத்துவிட்டு, மேலே சொன்ன மாதிரி ஜோடி ஜோடியாக வாக்கியங்கள் போடுங்கள். விடையை அதே பக்கத்தில் தலைகீழாக அச்சடிக்க வேண்டாம், அதற்கடுத்த இதழில் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை - 33