நின்றுபோன எண்களையும் காக்கும் பட்டியல்: ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

இணையம் வீடுகளுக்குள் வருவதற்கு முன், தொலைபேசிக் கம்பி வழியாக ஒரு கணினி இன்னொரு கணினியை அழைத்த காலம் உண்டு. யாரோ ஒருவர் தம் வீட்டு அறையில் ஒரு கணினி, அதைத் தொலைபேசிக் கம்பியோடு பேசவைக்கும் ஒரு மோடம், ஒரு தொலைபேசி இணைப்பு ஆகியவற்றை வைத்துக்கொண்டு, அழைப்பவர்கள் செய்தி எழுதவும் கோப்புகளை எடுத்துக்கொள்ளவும் வழி செய்திருப்பார். அதுதான் பிபிஎஸ் என்னும் அறிவிப்புப் பலகை. அத்தகைய பலகைகளின் பெயர், எண், ஊர், மென்பொருள், இயங்கிய ஆண்டுகள் ஆகியவற்றைத் திரட்டி, இணையம் வழியே இன்னொரு கணினிக்குள் நுழைய உதவும் டெல்நெட் என்ற பழைய முறையில் இன்றும் உயிரோடிருப்பவற்றைச் சரிபார்த்து, யாரும் இலவசமாகப் பார்க்கக்கூடிய பட்டியல் ஒன்றை எங்கள் குழு இணையத்தில் பராமரித்துவருகிறது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு இப்பணி நடக்க ரூ. 2,00,000 வேண்டும். அதைக் கேட்கவே இந்தக் கடிதம்.

ஒரு பட்டியலைப் போட்டுவைக்க இவ்வளவு பணமா என்று கேட்பீர்கள். போடுவதற்கு ஆகும் செலவு சொற்பம். அதைப் பொய்யாகிவிடாமல் வைத்திருப்பதுதான் வேலை. இந்தத் துறையின் வரலாறு முழுவதும் அந்த வேலையின் வரலாறுதான்.

1978 ஜனவரியில் சிகாகோ நகரைப் பனிப்புயல் முடக்கிப்போட்டது. வெளியே போக வழியில்லாமல் இருந்த வார்ட் கிறிஸ்டென்சனும் அவருடைய நண்பர் ராண்டி சூஸும் அந்த நாட்களில் ஒரு யோசனையைப் பிடித்துக்கொண்டார்கள். பிப்ரவரி 16 அன்று சிபிபிஎஸ் என்ற முதல் பலகை பிறந்தது. மென்பொருள் கிறிஸ்டென்சனுடையது, வன்பொருள் சூஸுடையது. இருந்தது ஒரே இணைப்பு. ஒருவர் உள்ளே இருந்தால் அடுத்தவருக்கு 'எங்கேஜ்டு' ஒலிதான் கேட்கும். வேகம் நொடிக்கு 300 பிட், அதாவது ஏறத்தாழ 30 எழுத்து. அதே ஆண்டு நவம்பரில் 'பைட்' இதழில் இருவரும் தாங்கள் செய்ததை விவரமாக எழுதினார்கள். படித்தவர்கள் தத்தம் ஊரில் ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரே ஒரு பலகை இருந்தவரை யாருக்கும் பட்டியல் தேவைப்படவில்லை. பலகைகள் பெருகிய பிறகு எந்த ஊரில் எந்த எண் என்று யாராவது எழுதிவைக்க வேண்டியிருந்தது.

முதல் பட்டியல்கள் பலகைகளுக்குள்ளேயே பிறந்தன. ஒரு பலகையை நடத்துபவர் தம் பகுதிக் குறியீட்டுக்குள் (அமெரிக்கத் தொலைபேசி எண்ணின் முதல் மூன்று இலக்கம்) இருக்கும் எண்களைத் தட்டச்சு செய்து ஒரு கோப்பாக வைப்பார். உள்ளூர் அழைப்புக்குப் பெரும்பாலும் தனிக்கட்டணம் கிடையாது, வெளியூர் அழைப்போ பில்லை ஏற்றிவிடும்; ஆகவே பட்டியல்கள் பகுதிக் குறியீடு வாரியாகவே வளர்ந்தன. அழைப்பவர் அந்தக் கோப்பை இறக்கிக்கொண்டு போய் அடுத்த பலகையில் ஏற்றுவார். அங்கே இன்னொருவர் இரண்டு எண்களைச் சேர்ப்பார். பின்னர் 'கம்ப்யூட்டர் ஷாப்பர்' போன்ற இதழ்கள் பலகை எண்களை அச்சிட்டன. கொலராடோவிலிருந்து ஜாக் ரிக்கார்ட் 1987இல் தொடங்கிய 'போர்டுவாட்ச்' இந்த உலகத்துக்கென்றே வந்த இதழ்.

பிரதி எடுத்துப் பரவும் பட்டியலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அதில் ஏறிய தவறைத் திரும்பப் பெற முடியாது. பலகை மூடப்பட்டு ஓராண்டு ஆன பின்னும் பழைய பிரதிகள் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணைத் தொலைபேசி நிறுவனம் இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிடும். நள்ளிரவில் மணி அடிக்கும். எடுத்தால் மறுமுனையில் ஆள் இருக்க மாட்டார், மோடம் காத்துக்கொண்டிருக்கும். மறுநாளும் அடிக்கும்.

இந்தத் தொல்லைக்கு முறையான மருந்து கண்டவர்கள் ஃபிடோநெட்காரர்கள். சான்பிரான்சிஸ்கோவில் டாம் ஜென்னிங்ஸ் 1984இல் தொடங்கிய அமைப்பு அது. கட்டணம் குறைந்த இரவு நேரத்தில் பலகைகள் ஒன்றையொன்று தாமாக அழைத்துக் கடிதங்களைப் பரிமாறிக்கொள்ளும். மனிதர் அழைத்தால் தவறான எண் என்று தெரிந்ததும் நிறுத்திவிடுவார். இயந்திரம் நிறுத்தாது, கடிதம் போய்ச் சேரும்வரை முயன்றுகொண்டே இருக்கும். ஆகவே 'நோட்லிஸ்ட்' எனப்பட்ட அவர்களுடைய பட்டியல் சரியாக இருந்தே தீர வேண்டியிருந்தது. தொடக்கத்தில் ஜென்னிங்ஸே அதை வைத்திருந்தார். பலகைகள் கூடியதும் ஒருவரால் தாங்க முடியாமல் போய், செயின்ட் லூயிஸ் நகரின் கென் கப்லன், பென் பேக்கர் ஆகியோர் கைக்கு அது மாறியது.

அவர்கள் வளர்த்த ஏற்பாட்டை எங்கள் குழுவில் அடிக்கடி பேசிக்கொள்வோம். புதிதாகச் சேர விரும்புபவர் தமக்கு ஓர் எண் வேண்டும் என்ற விண்ணப்பத்தை ஃபிடோநெட் கடிதமாகவே அனுப்ப வேண்டும். தபாலிலோ தொலைபேசியிலோ கேட்டால் போதாது. கடிதம் வந்து சேர்ந்தது என்றால் அவருடைய பலகை வேலை செய்கிறது என்று பொருள், விண்ணப்பமே சோதனையாகிவிடுகிறது. இதைவிடச் சிக்கனமான சரிபார்ப்பு முறையை நாங்கள் வேறெங்கும் பார்த்ததில்லை. வட்டார ஒருங்கிணைப்பாளர் தம் பகுதியின் திருத்தங்களை மேலே அனுப்புவார், அவை மண்டலம் வரை சென்று சேரும், வெள்ளிக்கிழமைதோறும் புதிய நோட்லிஸ்ட் வெளிவரும். கோப்பின் பெயருக்குப் பின்னால் அது ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற எண் இருக்கும். முழுப் பட்டியலையும் வாராவாரம் அனுப்பினால் செலவு கட்டாது என்பதால், போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் சிறு கோப்பாக அனுப்பினார்கள். சிறிது காலம் நிற்கும் பலகைக்கு 'ஹோல்ட்' என்றும், பதில் தராத பலகைக்கு 'டவுன்' என்றும் குறி போட்டார்கள். 1990களின் நடுவில் அந்தப் பட்டியலில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பலகைகள் இருந்தன. சம்பளம் வாங்கியவர் ஒருவரும் இல்லை.

ஃபிடோநெட்டுக்கு வெளியே இருந்த பட்டியல்களின் கதை இத்தனை அழகானதல்ல. பெரும்பாலானவை ஒற்றை ஆளின் உழைப்பு. அவருக்குக் குழந்தை பிறக்கும், வேலை மாறும், சலிப்பும் வரும். பட்டியல் ஒரு மாதம் தாமதமாகும், பிறகு வராமலே போகும். பலகைகள் மூடப்பட்டதால்தான் பட்டியல்கள் அழிந்தன என்று பலர் நினைக்கிறார்கள். நாங்கள் பார்த்தவரை, பலகைகள் செழித்திருந்த காலத்திலேயே பட்டியல்கள் ஆள் இல்லாமல் நின்றிருக்கின்றன.

தொலைபேசி நிறுவனங்களும் தம் பங்குக்கு வேலை வைத்தன. எண்கள் போதாமல் பகுதிக் குறியீடுகளைப் பிளந்துகொண்டே போனார்கள். 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸின் 213 குறியீட்டிலிருந்து 818 பிரிந்தது. அதே ஆண்டு நியூயார்க்கின் 212 குறியீட்டிலிருந்து 718 பிரிந்தது. முதல் பலகை பிறந்த சிகாகோவிலும் 1989இல் புறநகர்கள் 312ஐ விட்டு 708க்குப் போயின. ஒரே இரவில் பட்டியலின் பாதி பழையதாகிவிடும். இன்று அந்தப் பட்டியல்களை ஒன்றுசேர்க்கும் எங்களுக்கு இதனால் தலைவலி. 1988ஆம் ஆண்டுப் பட்டியலில் 312 என்றும், 1990ஆம் ஆண்டுப் பட்டியலில் 708 என்றும் இருக்கும் இரண்டும் ஒரே பலகையா, பெயர் மட்டும் ஒத்துப்போகும் இரண்டா? கடைசி ஏழு இலக்கங்கள் ஒன்றாக இருந்தால் ஒரு முடிவுக்கு வரலாம். பலகையின் பெயரும் மாறியிருந்தால் நடத்தியவர் பெயர், மென்பொருள், மோடத்தின் வேகம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எங்கள் நேரத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் போகிறது.

இந்தத் துறையில் எங்களுக்கு முன்னோடி ஜேசன் ஸ்காட். அவருடைய டெக்ஸ்ட்ஃபைல்ஸ் தொகுப்பில் இருக்கும் வரலாற்றுப் பட்டியல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பலகைகளைக் கொண்டது. 2005இல் அவர் பிபிஎஸ் பற்றிய நெடிய ஆவணப்படத்தையும் வெளியிட்டார். அந்த உழைப்பு இல்லையென்றால் எங்களுக்கு வேலை தொடங்க இடமே இருந்திருக்காது. அவர் திரட்டியதன் மேல், முரண்படும் பதிவுகளை ஒப்பிட்டு இணைப்பதும், ஒவ்வொரு தகவலும் எந்தப் பழைய பட்டியலிலிருந்து வந்தது என்று குறிப்பதும் நாங்கள் சேர்க்கும் பங்கு.

உயிரோடிருக்கும் பலகைகளின் பகுதி தனிக் கதை. 1990களின் பிற்பாதியில் மலிவான இணைய இணைப்பு வந்ததும் பலகைகள் கொத்துக்கொத்தாக மூடப்பட்டன. எஞ்சியவர்கள் தொலைபேசிக்குப் பதிலாக டெல்நெட்டுக்கு மாறினார்கள். இன்று காமடோர் 64 என்ற 1980களின் வீட்டுக் கணினி வைத்திருப்பவர்கூட ஒரு சிறிய வைஃபை மோடத்தை மாட்டி, எண் இருந்த இடத்தில் இணைய முகவரியைத் தட்டிப் பலகையை அழைக்கிறார். கணினியோ தொலைபேசியைத்தான் சுழற்றுகிறோம் என்று நம்பிக்கொண்டிருக்கிறது!

இவற்றைச் சரிபார்க்க ஒரு நிரல் எழுதிவிட்டால் போதாதா என்று கணினி படித்த இளைஞர்கள் கேட்பார்கள். நிரல் இருக்கிறது, தினமும் ஓடுகிறது. ஆனால் கதவு திறந்திருக்கிறது என்று மட்டுமே அதனால் சொல்ல முடியும். உள்ளே இருப்பது பலகையா, முகவரி கைமாறியதால் அங்கே வந்து உட்கார்ந்த வேறொருவரின் ரவுட்டரா என்று அதற்குத் தெரியாது. 2016இல் மிராய் என்ற தீநிரல் டெல்நெட் இணைப்பு நுழையும் வாசல் எண்களான (போர்ட்) 23ஐயும் 2323ஐயும் உலகம் முழுவதும் தட்டிப் பார்க்கத் தொடங்கியது. அதன் பிறகு பல பலகைகள் வேறு வாசல் எண்ணுக்குக் குடிபெயர்ந்தன. சில, எஸ்கேப் விசையை இரண்டு முறை அழுத்தினால்தான் உள்ளே விடுகின்றன. தீநிரலைத் தடுக்கும் அந்தத் தடை எங்கள் நிரலையும் தடுக்கிறது. ஆகவே ஒரு மனிதர் உட்கார்ந்து, உள்ளே போய், கடைசிச் செய்தி எந்தத் தேதியில் எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

நின்றுபோன பலகையை நாங்கள் நீக்குவதில்லை. வாக்காளர் பட்டியலில் இறந்தவர் பெயர் இருப்பது குற்றம். எங்கள் பட்டியலில் அது இல்லாமல் போவதுதான் குற்றம். உயிருள்ளவற்றின் வரிசையிலிருந்து எடுத்து, கடைசியாகப் பதில் தந்த தேதியோடு வரலாற்று வரிசையில் சேர்த்துவிடுகிறோம்.

அமெரிக்காவில் எப்போதோ இருந்த பலகைகளுக்குத் தமிழர்கள் ஏன் பணம் தர வேண்டும்? இதில் தமிழ்ப் பெருமை எதுவும் இல்லை. இருப்பதாகச் சொல்லிப் பணம் கேட்க எங்களுக்கு மனமும் இல்லை. இந்தியாவிலும் பலகைகள் இருந்தன. 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறப்பதற்கு முன்பே பெங்களூரில் அதுல் சிட்னிஸ் சிஐஎக்ஸ் என்ற பலகையை நடத்தினார். ஆனால் இது மனிதர்கள் கணினி வழியாகக் கூடிப் பேசத் தொடங்கியதன் ஆவணம் என்பதே எங்களுக்குப் போதுமான காரணம். அது யாருடைய ஊரில் நடந்தது என்பது இரண்டாம் பட்சம். அந்தக் காலத்தைக் கண்டவர்களும் குறைந்துவருகிறார்கள். சூஸ் 2019இல் மறைந்தார், கிறிஸ்டென்சன் 2024இல்.

இனி கணக்கு. சர்வர் வாடகை, முகவரிப் பதிவு, வேறிடத்தில் வைக்கும் நகல் ஆகியவற்றுக்கு இரண்டு ஆண்டுக்கு ரூ. 32,000. பழைய பிளாப்பி வட்டுகளைக் காந்தப் பதிவு மட்டத்திலேயே படிக்கும் கருவிக்கும், ஐந்தேகால் அங்குல, மூன்றரை அங்குல டிரைவ்களைப் பழுது பார்த்து வாங்கவும் ரூ. 38,000. தபால் செலவு ரூ. 10,000. மீதி ரூ. 1,20,000 இரண்டு மாணவர்களுக்கான உதவித்தொகை, ஆளுக்கு மாதம் ரூ. 2,500. பெரிய தொகை இதுதான்; எங்கள் குழுவில் விவாதம் நடந்ததும் இதைப் பற்றித்தான். ஆர்வத்துக்காகச் செய்யும் வேலைக்குக் காசு எதற்கு என்று மூத்தவர்கள் சிலர் கேட்டார்கள். ஆர்வத்தை மட்டும் நம்பிய பட்டியல்கள் எப்படி நின்றன என்பது மேலே இருக்கிறது. வாராவாரம் இத்தனை பலகைக்குள் போய்ப் பார்த்தாக வேண்டும் என்ற கடமைக்குச் சிறிதாவது கைம்மாறு இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். குழு உறுப்பினர் யாரும் இதிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுத்துக்கொள்வதில்லை.

ரூ. 100 என்றாலும் மகிழ்ச்சியோடு ஏற்போம், ரசீது தருவோம். வரவு செலவு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலோடு சேர்த்தே வெளியாகும். தொகை முழுதாகச் சேரவில்லை என்றால் முதலில் சர்வர், அடுத்து மாணவர் உதவித்தொகை, கடைசியாகக் கருவி என்ற வரிசையில் செலவிடுவோம். கூடுதலாகச் சேர்ந்தால் மூன்றாம் ஆண்டு சர்வர் வாடகைக்கு ஒதுக்குவோம். கணக்கு எண்ணைப் பொருளாளர் கேட்பவர்களுக்குத் தனியாக அனுப்பிவைப்பார்.

பணம் தர இயலாதவர்கள் வீட்டுப் பரணைப் பாருங்கள். 1995க்கு முன் வெளிநாட்டில் படித்தவர், வேலை பார்த்தவர் வீடுகளில் பழைய பிளாப்பிகளும் கணினி இதழ்களும் கிடக்க வாய்ப்புண்டு. இந்திய நகரங்களில் இயங்கிய பலகைகளின் எண்கள் எழுதிய நாட்குறிப்பு இருந்தால் அந்தப் பக்கத்தின் படமே போதும். ஒரு வேண்டுகோள்: வட்டு வேலை செய்கிறதா என்று பார்க்க எந்த டிரைவிலும் போடாதீர்கள். பூஞ்சை படிந்த வட்டை ஒருமுறை சுழற்றினாலே பதிவு உரிந்துவிடும். துடைக்கவும் வேண்டாம். காகித உறையோடு, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து அப்படியே அனுப்புங்கள். படித்து முடித்ததும் வட்டும் நகலும் எங்கள் செலவில் உங்களிடம் திரும்பி வரும்.

இப்படிக்கு,
பட்டியல் பராமரிப்புக் குழுவினர்