வாடகைக்கு வீடு விடும் தென்னாப்பிரிக்க டர்பன் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

நம் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வீட்டுக்குப் பின்னால் அவுட்பில்டிங் என்ற சிறு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கும், வங்கிக் கடனில் இரண்டாவது வீடோ ஃபிளாட்டோ வாங்கியிருப்பவர்களுக்கும் வணக்கம்.

வாடகை தாமதமானால் குடியிருப்பவரின் மின்சாரத்தை நிறுத்தும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். பல அவுட்பில்டிங்குகளுக்குத் தனி மீட்டர் கிடையாது. சுவிட்ச் வீட்டுக்காரரின் சமையலறையில் இருக்கிறது. அதைத் தட்டிவிட்டால் பின்வீடு இருண்டுபோகும், ஃபிரிட்ஜில் உள்ள குழந்தையின் பால் கெட்டுப்போகும், விடியலில் வேலைக்குக் கிளம்புகிறவர் பச்சைத் தண்ணீரில் குளிப்பார். தட்டிவிட்டவரை நான் கொடியவர் என்று சொல்லவில்லை. கோயில் அன்னதானத்துக்கு முதல் ஆளாகப் பணம் கொடுக்கிறவராகவும் அவர் இருப்பார். ஆனால் வங்கித் தவணை நாள் நெருங்குகிறது, கையில் காசில்லை. கோபம் அங்கிருந்துதான் வருகிறது.

ஆகவே தவற்றின் வேர் கடன் வாங்கிய நாளில் போட்ட கணக்கில் இருக்கிறது. நம் வீட்டுக் கடன்கள் பெரும்பாலும் பிரைம் வட்டியோடு, அதாவது வங்கிகள் கடனுக்கு வைக்கும் அடிப்படை வட்டியோடு, ஏறி இறங்குபவை. 2020 ஜூலையிலிருந்து 2021 நவம்பர் வரை பிரைம் 7 சதவீதமாக இருந்தது. அந்த வட்டியில் ஒரு மில்லியன் ரேண்டை 20 ஆண்டுகளுக்குக் கடன் வாங்கினால் மாதத் தவணை சுமார் 7,750 ரேண்ட். 2023 மே மாதம் பிரைம் 11.75 சதவீதத்தைத் தொட்டது. அந்த வட்டியில் அதே கடனுக்குத் தவணை 10,800-ஐத் தாண்டும். மாதத்துக்கு மூவாயிரம் ரேண்ட் கூடுதல்! 2024 செப்டம்பர் வரை அந்த வட்டி இறங்கவில்லை. அந்த மூவாயிரத்தை எந்தக் குடித்தனக்காரர் தலையில் ஏற்ற முடியும்? அவருக்குச் சம்பளம் அப்படியா ஏறியது?

இதற்கு மேல் லெவி (ஃபிளாட்டின் பொதுப் பராமரிப்புக் கட்டணம்), ரேட்ஸ் (நகராட்சிச் சொத்துவரி), காப்பீடு, கூரை ஒழுகல் எல்லாம் இருக்கின்றன. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் தாங்குசுவர் சரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் யோசனை எளிது: வாங்குமுன், வட்டி இன்னும் நான்கு சதவீதம் கூடினாலும் தாங்குமா என்று பாருங்கள். ஆண்டுக்குப் பத்து மாத வாடகைதான் வரும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். மூன்று தவணைக்கான பணம் தனியாக ஒதுங்கியிருக்கட்டும். இது முடியாவிட்டால் அந்த வீடு இப்போதைக்கு வேண்டாம். "வாடகையே கடனைக் கட்டிவிடும்" என்று சொல்லி விற்கிறவர், வீடு காலியாகக் கிடக்கும் மாதத்தில் உங்களுக்காகத் தவணை கட்ட மாட்டார்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் வாடகை வீட்டுச் சட்டப்படி, சட்டத்துக்குப் புறம்பாகக் குடியிருப்பவரை வெளியே வைத்துப் பூட்டுவதும் மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்துவதும் குற்றம். அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ கிடைக்கலாம். நீதிமன்ற உத்தரவில்லாமல் எவரையும் குடியிருக்கும் வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 26-ஆம் பிரிவு சொல்கிறது. நீதிமன்றம் போனால் மாதக்கணக்கில் இழுக்கும், வழக்கறிஞர் செலவும் ஆகும். அது உண்மைதான், அந்தச் சிரமத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வாடகைத் தகராறு என்றால் வாடகை வீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது, வீட்டுக்காரரும் போகலாம், அதன் தீர்ப்பு மாஜிஸ்திரேட் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். நம்மில் பலர் அந்தப் படியே ஏறியதில்லை.

டர்பனில் நம்மவர்கள் வாழ்ந்த மேகஸின் பேரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் நம் பெரியவர்களைக் கிளப்பி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950-இன் குழுப்பகுதிச் சட்டம் அவர்கள் விருப்பத்தைக் கேட்கவில்லை. சட்டி பானையோடு லாரியில் ஏறியவர்களின் பிள்ளைகள் நாம். இன்னொருவர் சாமான்களை வாசலில் வைக்கும் கை நம் கையாக இருக்கலாமா?

முன்பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது குடியிருப்பவரின் பணம். அதை வட்டி தரும் வங்கிக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும், அவர் கேட்டால் ஆதாரம் காட்ட வேண்டும். பாக்கியோ சேதமோ இல்லையென்றால், ஒப்பந்தம் முடிந்த 7 நாளுக்குள் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். குடிவரும்போதும் போகும்போதும் இருவரும் சேர்ந்து வீட்டைப் பார்த்து, விரிசல், கறை, உடைந்த கண்ணாடி எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். போகும்போது நீங்கள் வந்து பார்க்கவில்லையென்றால், சேதமே இல்லை என்று ஒப்புக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அந்தப் பணத்தைத் தவணைக்கோ டைல்ஸுக்கோ செலவழித்துவிட்டவர்கள் இந்த மாதமே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் சேர்க்கத் தொடங்குங்கள். அவுட்பில்டிங்குக்குத் தனி மீட்டரும் தனி சுவிட்சும் வைத்துக்கொடுங்கள்.

கோயில் நிர்வாகக் குழுக்களிடமும் சங்கங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு மண்டபத்தைத் திறந்துவிடுங்கள். தீர்ப்பாயத்திலிருந்து ஒருவரை அழையுங்கள். வீட்டுக்காரர்களோடு குடித்தனக்காரர்களையும் கூப்பிடுங்கள். எழுத்து ஒப்பந்தத்தின் மாதிரிப் படிவத்தை எல்லோருக்கும் கொடுங்கள். படிவங்களை அச்சடிக்கும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒரு வீட்டுக்காரர்