போட் ஒயிலும் புல்லுவெட்டியும்

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. மகள் வவுனியாப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான செய்தியை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு எங்கள் வாழ்த்தைச் சொல். இங்கே இரணைமடுத் தண்ணீரை நம்பிச் சிறுபோகம் விதைத்தாயிற்று. வெயில்தான் தாங்க முடியவில்லை.

உன் புல்லுவெட்டி விசயத்துக்கு வருகிறேன். சூடேறினால் நின்றுவிடுகிறது, இழுவை குறைந்துவிட்டது, சைலன்சர் வாயில் தார் பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். மைத்துனர் கடலுக்குக் கொண்டுபோகும் போட் ஒயிலைத்தான் பெற்றோலில் கலக்கிறேன் என்றும் எழுதியிருந்தாய். மச்சான், முதலில் அதை நிறுத்து.

அது கூடாத ஒயில் இல்லை. போட் எஞ்சினுக்கு அதுதான் சரி. முல்லைத்தீவுக் கடலில் ஓடுகிற எஞ்சின் கடல் தண்ணீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர வைத்துக்கொள்கிறது. எவ்வளவு இழுத்தாலும் அதன் சிலிண்டர் ஓரளவுக்கு மேல் கொதிக்காது. அந்தச் சூட்டுக்கு அளவாக, எரிந்தபின் சாம்பல் மிஞ்சாதபடி செய்த ஒயில் அது. ரின்னில் ரீசீ-டபிள்யூ3 (TC-W3) என்று தரக்குறி இருக்கும். உன் மெசினுக்குத் தண்ணீர் இல்லை. சிலிண்டரைச் சுற்றியுள்ள செதில்களில் படும் காற்று மட்டுந்தான். சித்திரை வெயிலில் முழு றேஸில் புல் வெட்டும்போது உள்ளே ஏறுகிற சூட்டை அந்த ஒயில் தாங்காது. அது கரியாகி, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் றிங் அதன் பள்ளத்துக்குள் இறுகும். றிங் அசையாவிட்டால் அமுக்கம் போகும், பிஸ்டனில் கீறல் விழும், கடைசியில் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்து எஞ்சின் நின்றுவிடும்.

உன் மெசின் ரூ ஸ்ட்ரோக். கடையில் போய் அதற்கான "ரூ-ரி (2T) ஒயில்" என்று மட்டும் கேட்காதே. பின்பக்கத்தைத் திருப்பி ஜாசோ எஃப்டி (JASO FD) என்ற தரக்குறி இருக்கிறதா பார். ஐஎஸ்ஓ ஈஜிடி (ISO EGD) என்றிருந்தாலும் சரி. எஃப்பி கீழ்த்தரம், புகையும் கூட. எஃப்சி புகை குறைந்தது. எஃப்டி அந்தச் சூட்டிலும் பிஸ்டனைக் கழுவிக்கொண்டே இருக்கும். விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் ஒரு லீற்றர் ஒயில் 50 லீற்றர் பெற்றோலுக்குப் போதும் என்று கணக்குப் பார்த்தால் அது பெரிய காசில்லை. மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் ஃபோர் ஸ்ட்ரோக் ஒயிலையும் கலக்காதே. அது அடியில் கிடந்து சுழல்வதற்குச் செய்தது, எரிவதற்கு இல்லை.

சண்டைக் காலத்தில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடின எஞ்சின்களுக்கே ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டிருந்தாய். அந்த நாள் எனக்கும் மறக்காது. நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, ஹொண்டா சீ90இல் புதுக்குடியிருப்பு வரைக்கும் போவோம். ஆனால் அது ஃபோர் ஸ்ட்ரோக். அதன் ஒயில் அடியில் தனியே இருந்தது, மேலே எதை எரித்தாலும் பிஸ்டனுக்கு அது கிடைத்தது. புல்லுவெட்டிக்கு அப்படித் தனி ஒயில் இல்லை. பெற்றோலோடு வருகிற அந்தக் கொஞ்சந்தான் பெயாரிங்குக்கும் பிஸ்டனுக்கும் சீவன்.

அளவை மெசினோடு வந்த புத்தகத்தில் பார். 50க்கு 1 என்றால் 5 லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லி. 25க்கு 1 என்றால் 200 மில்லி. பிள்ளைகளின் பாணி மருந்து மூடி அளக்க நல்லது. கூட விட்டால் பாதுகாப்பு என்று நினைக்காதே. கூடின ஒயில் கரியாகச் சைலன்சர் வழியை அடைக்கும், பிளக்கை நனைக்கும். கானில் பாதிப் பெற்றோல் விட்டு ஒயிலை ஊற்றி, நன்றாகக் குலுக்கி, பிறகு மீதியை விடு. தாங்கிக்குள் நேரே கலக்காதே. ஒரு மாதத்துக்குள் முடிகிற அளவுக்கு மட்டும் கல. வெயில் படுகிற சோடாப் போத்தலில் வைத்த பழைய பெற்றோலை எறிந்துவிடு.

இன்னொன்று. செதில்களுக்குள் புல்லுத் தூசி அடைந்தால் எந்த ஒயிலும் காப்பாற்றாது. வேலை முடிந்ததும் மூடியைக் கழற்றிப் பிரஷ்ஷால் தட்டிவிடு. நிறுத்துமுன் கொஞ்ச நேரம் மெதுவாக ஓடவிடு.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குக் குடும்பமாக வருகிறோம். அதுவரைக்கும் மெசினை ஓட்டாதே. சைலன்சரைக் கழற்றிப் பிஸ்டன் பக்கத்தை ரோர்ச் அடித்துப் பார்த்தால் கீறல் இருக்கிறதா தெரிந்துவிடும். கீறல் இல்லாவிட்டால் கரியைச் சுரண்டி, றிங்கை மட்டும் மாற்றினால் போதும். மெசினின் மொடல் இலக்கத்தை அடுத்த கடிதத்தில் எழுதி அனுப்பு, றிங்கைக் கிளிநொச்சியிலேயே வாங்கிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்