விர்ச்சுவல் மெமரியில் கை வைக்கும் முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. 8 ஜிபி ராம் உள்ள உன் கணினி, பிரௌசரில் இருபது டேப்களைத் திறந்ததும் திணறுகிறது என்றும், ராம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடமான விர்ச்சுவல் மெமரியின் அளவை நீயே மாற்றிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். சரியான ஆளிடம்தான் கேட்டாய்; சென்ற மாதம் அதே இடத்தில் கை வைத்துச் சுட்டுக்கொண்டவன் நான்.

பழைய புகைப்படங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். வேலை அடிக்கடி நின்று நின்று போகவே, விண்டோஸின் அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸுக்குள் நுழைந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதி வழியாக விர்ச்சுவல் மெமரி சாளரத்தைத் திறந்து, அளவைக் கணினியே தீர்மானிக்கட்டும் என்றிருந்த டிக்கை எடுத்துவிட்டு, தொடக்க அளவு, உச்ச அளவு என்ற இரு கட்டங்களிலும் 16 என்று தட்டினேன். 16 ஜிபியைத் தாராளமாக ஒதுக்கிவிட்டதாக நினைப்பு. அந்தக் கட்டங்கள் எம்பி கணக்கில் கேட்கின்றன. விண்டோஸ் ஏற்கும் மிகக் குறைந்த அளவே 16 எம்பிதான். டிஸ்க்கில் அந்த இடத்தைப் பிடித்திருக்கும் கோப்பான பேஜ் ஃபைல் இவ்வளவு சிறியதாக இருந்தால், கணினி முடங்கும்போது அதன் விவரங்களைப் பதிவு செய்ய முடியாமல் போகலாம் என்று ஓர் எச்சரிக்கைகூட வந்தது. படிக்காமலே சம்மதம் கொடுத்து, ரீஸ்டார்ட்டும் செய்தேன்.

அரை மணி நேரத்தில், நினைவகம் போதவில்லை என்று சொல்லிப் படம் திருத்தும் மென்பொருள் மூடிக்கொண்டது. எனக்கு விளங்காமல் போனது என்னவென்றால், டாஸ்க் மேனேஜரில் ராம் இன்னும் ஒன்றரை ஜிபி காலியாக இருந்ததுதான். அதற்குக் கீழே 'கமிட்டட்' என்ற வரியைப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது: 7.7/7.8 என்று இருந்தது. மென்பொருள்கள் தமக்கு வேண்டிய நினைவகத்தைத் துண்டு போட்டு முன்கூட்டியே இடம்பிடித்து வைக்கின்றன. அதில் பெரும்பகுதியை அவை தொடாமலேகூட இருக்கலாம். ஆனால், கொடுத்த வாக்கு ஒவ்வொன்றுக்கும் ராமிலோ பேஜ் ஃபைலிலோ இடம் இருந்தாக வேண்டும் என்பது விண்டோஸின் கண்டிப்பு. அந்த இரண்டின் கூட்டுத்தொகையே உச்சவரம்பு. பேஜ் ஃபைலை நான் சுருக்கியதால் வரம்பு ஏறக்குறைய ராம் அளவுக்கே இறங்கிவிட்டது. (லினக்ஸ் இந்த விஷயத்தில் சற்றுத் தாராளம்; கையிருப்பை மீறியும் வாக்குக் கொடுக்கும்.)

இதிலிருந்தே உன் கேள்விக்கும் பதில் வருகிறது. பேஜ் ஃபைலைப் பெரிதாக்கினால் மென்பொருள்கள் பாதியில் சாவது குறையுமே தவிர, வேகம் கூடாது. ராமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறக்குறைய 100 நானோ நொடி போதும். எஸ்எஸ்டிக்கு அதைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு ஆகும். சுழலும் ஹார்டு டிஸ்க்கிலோ பல மில்லி நொடிகள். உன் கணினி திணறும் நேரத்தில் டிஸ்க் விளக்கு அணையாமல் மினுக்குகிறது என்று எழுதியிருந்தாயே, அது ராமுக்கும் டிஸ்க்குக்கும் இடையே பக்கங்கள் எனப்படும் நினைவகத் துண்டுகள் ஓயாமல் போய் வருவதன் அடையாளமாக இருக்கலாம். அப்படியானால் ராமைக் கூட்டு, இல்லாவிட்டால் டேப்களை மூடு. வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

என் கருத்து, அந்த டிக்கை எடுக்காதே என்பதுதான். தானாக நிர்வகிக்கும்போது பேஜ் ஃபைல் ராமைப் போல மூன்று மடங்கு வரை வளரக்கூடும். ஆனால், அது இருக்கும் டிரைவின் மொத்த அளவில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகத் தாண்டாது. உன் சி டிரைவ் சிறியதாக இருந்து, அந்த எட்டில் ஒரு பங்கு போதாமல் போனால் மட்டுமே கையால் அளவு கொடுப்பதில் பொருள் உண்டு. அப்போதும் 16 ஜிபிக்கு 16384 என்று எழுத வேண்டும்; 'செட்' பொத்தானை அழுத்தாமல் ஓகே கொடுத்தால் எதுவும் மாறாது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், அதன் மையப் பகுதியான கர்னலை ராமிலேயே நிறுத்திவைக்கும் அமைப்பு, அணைக்கும்போது பேஜ் ஃபைலை அழிக்கும் அமைப்பு ஆகியவற்றைப் பற்றியும் கேட்டிருந்தாய். முதலாவதால் உனக்குப் பெரிய பயன் இல்லை. இரண்டாவது இரகசியம் காக்க வந்தது, கணினி அணைய நேரம் பிடிக்கும்.

நீ வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு, 'கமிட்டட்' வரியில் உள்ள இரண்டு எண்களையும் எழுதி அனுப்பு. அதுவரை எதையும் மாற்றாதே.

அன்புடன்,
உன் பழைய நண்பன்